கீழ்த்தளத்து மணி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு நடுநிசிதான் வேண்டும் என்று சொன்னவன் மாடி ரயிலில் போயிருக்கமாட்டான்.

நம்மாள் தொலைதூர மாடி ரயிலில் அட்டெண்டர். புதுத் தலைமுறைப் பெட்டியில் வேலை பழகியவர். அதில் எல்லாமே சொகுசு. கீழ்த்தளத்து அறையிலேயே சாமான் வைக்கப் பரண் உண்டு. பயணி பொத்தானை அழுத்தினால், மேல்தளத்தில் அட்டெண்டர் அறையில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். சத்தமே இருக்காது. அன்றைக்குப் பார்த்து அந்தப் பெட்டி பழுது. பதிலுக்கு ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய தலைமுறைப் பெட்டியைக் கோத்துவிட்டார்கள். அதில் கீழே பரண் கிடையாது. சாமான் எல்லாம் மேலே அட்டெண்டர் அலமாரிக்குத்தான் போகவேண்டும். விளக்கும் கிடையாது, பித்தளை மணிதான். அடித்தால் காது கிழியும்.

போதாக்குறைக்கு, கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பயணி. நம்மாளுடைய மாமியார்.

மூட்டு வலியால் படி ஏற முடியாதவர். இதயமும் பலவீனம். "அம்மாவப் பத்திரமாக் கொண்டுவந்து சேத்துடுங்க" என்று மனைவி போனில் கெஞ்சியிருந்தாள். "பின்ன, வழியிலயா தள்ளிவிடப் போறேன்?" என்று இவர் சிரித்தார். மாமியாரின் கைப்பையையும் மற்ற சாமான்களோடு மேலே கொண்டுபோய் வைத்துப் பூட்டினார். மாத்திரையும் போனும் அதற்குள்தான் இருந்தன.

காலை பத்து மணிக்கு மணி அடித்தது. "தலையணை கல்லு மாதிரி இருக்கு, மாப்ளே." பத்தரைக்கு மறுபடியும். "இந்த ஃபேன் சுத்துதா, சும்மா நடிக்குதா?" பதினொன்றுக்கு ஜன்னல் திரை. ஏறி இறங்கி நம்மாளுக்கு நாக்குத் தள்ளியது. வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை.

பழைய பெட்டிக்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. மணிக்கும் அதை அடிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகிவிடுவார்கள். மணி ஊமையாகிவிடும்.

பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது. இந்த முறை விடாமல் அடித்தது.

செருகினார்.

"இப்ப அடிங்க அத்தை, பாக்கலாம்."

டப்… டப்… டப்… என்று அட்டையில் மோதும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. நம்மாள் காலை நீட்டி, அலமாரியில் சாய்ந்து, சுகமாகத் தூங்கிப்போனார்.

மத்தியானம் இரண்டு நாற்பது. ஜங்ஷனில் எஞ்சின் மாற்றினார்கள். பெட்டியில் கரண்ட் நின்றது. விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது.

ட்ர்ர்ரிங்…

விழித்தார். அட்டை செருகின இடத்திலேயே இருந்தது. சுத்தியல் அசையவில்லை.

ட்ர்ர்ரிங்…

கீழே ஓடினார். அறைக் கதவு சாத்தியிருந்தது.

"அத்தை?"

"என் பையைக் கொண்டு வாங்க, மாப்ளே."

"இதோ… இப்பவே…"

"அவசரமில்ல. இனிமே மெதுவாவே வாங்க."

குரல் தரையோரமாக வந்தது.

பையோடு திரும்பினார். தள்ளினார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ கனமாக முட்டியது.

கார்டும் சேர்ந்து தள்ளினார்.

கதவுக்குப் பின்னால் மாமியார் விழுந்து கிடந்தார். பொத்தானை நோக்கி நீண்ட கை, நீண்டபடியே விறைத்திருந்தது. ஜங்ஷன் டாக்டர் வந்து பார்த்தார். "உயிர் போய் மூணு மணி நேரம் இருக்கும். மாத்திரை பக்கத்துல இருந்திருந்தா பொழச்சிருப்பாங்க" என்றார். புதுப் பெட்டியாக இருந்திருந்தால் அந்தப் பை கைக்கெட்டும் பரணில் இருந்திருக்கும். நம்மாள் மேலே போய், யாரும் பார்க்காமல் அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், மனைவி அழுது வீங்கிய முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க… அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. அம்மா நம்பர்தான், அம்மா குரல்தான். டாக்டர் சொன்ன நேரம் தப்புங்க."

இரண்டு மணிக்கு அந்த போன் இவர் சாய்ந்து தூங்கிய அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

"என்ன… சொன்னாங்க?"

"'எவ்வளவு நேரமா அடிக்கறேன், மணியில செருகின தீப்பெட்டி அட்டைய எடுக்கச் சொல்லு உன் புருஷன'ன்னு சொன்னாங்க. உடனே உங்களுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கவே இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அது என்ன அட்டைங்க?"