யசுஜியின் கல் தெற்கேயிருந்து வந்த கதை

எங்கள் ஊர் சுண்ணாம்புக் குகைக்கு யசுஜிதான் வழிகாட்டி. நான் வாசலில் சீட்டு கொடுப்பவள். காலையில் குகை வாசல் சாமிக்குக் கொஞ்சம் சாக்கே என்ற அரிசிச் சாராயம் வார்த்துக் கும்பிடுவேன். நிமிர்வதற்குள் உள்ளே அவர் குரல் தொடங்கிவிடும்.

"இந்தக் கல் இந்த மண்ணுலயே பொறந்தது! முப்பது கோடி வருஷம் முன்னாடி இங்க கடல். அதுல பவளம் வளர்ந்துச்சு. தரை அமுங்கி, அப்புறம் எழும்பி மலையாச்சு. விளக்கடிச்சுப் பாருங்க, ஒரு பொட்டு சேறு உண்டா? எங்க ஊரு சுத்தம் அப்படி!"

பெரிய பேராசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. இருபத்துநான்கு வருஷம் அதை மந்திரம் போல ஒப்பித்தார். வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அவர் மனைவி ஷிகெனோ கோதோ தீவுக்காரி. சூப்பில் உப்பு ஏறினால் போதும், யசுஜி, "கடல் தாண்டி வந்தவ கை இப்படித்தான்" என்பார்.

எண்பத்துநாலாம் வருஷ வசந்தத்தில் கல் ஆராய்ச்சிக்காரர் ததேபே புதுப் பேச்சு எழுதிய தாளோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நகராட்சி அதிகாரி கேட்க வருவார். யசுஜி அதைப் பேசாவிட்டால் அவருக்குப் பதில் டேப் ரிக்கார்டர் பேசும்.

"பவளம் இங்க வளரலீங்க. ரொம்ப தூரம் தெற்கே, ஒரு எரிமலைத் தீவு மேல வளர்ந்துச்சு. கடலடித் தரை நகர்ந்து நகர்ந்து, கொண்டாந்து இங்க ஒட்டிடுச்சு" என்றார் ததேபே.

"மலை பயணம் வந்துச்சாக்கும்! பேராசிரியருக்குத் தெரியாததா?"

"அவர் காலத்துல தரை மேல கீழதான் போகும்னு எல்லாரும் நம்பினாங்க. பக்கவாட்டுல போகும்னு சொன்னா சிரிச்சாங்க."

"நானுந்தான் சிரிக்கிறேன்."

"சிரிங்க. ஆனா பெரிய நிலத்துக் கரையோரம் வளர்ந்த பவளத்துல ஆத்துச் சேறு கலந்திருக்கணுமே, எங்க அது?"

தினம் விளக்கடித்துக் காட்டியவரே யசுஜிதானே. "பேராசிரியரும் இதே கல்லைத்தானே பாத்தாரு?" என்றார்.

"பாத்தார். விசித்திரம்னு குறிச்சு வச்சுட்டு அடுத்த கல்லுக்குப் போயிட்டார்."

டீயோடு வந்த ஷிகெனோ, "அப்போ உங்க கல்லும் என்னை மாதிரி வாக்கப்பட்டு வந்ததுதானா? மாமியார் வீட்டுல நல்லா நடத்துனீங்களா?" என்றாள். நான் சீட்டுக்கட்டில் முகத்தை மறைத்துச் சிரித்தேன். சாமிக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கும். இருபத்துநான்கு வருஷம் எப்படித்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டதோ!

ஞாயிறு வரை யசுஜி யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. அன்று கூட்டத்தின் முன் நின்றதும், பழக்கத்தில், "இந்தக் கல் இந்த மண்ணுலயே..." என்று நாக்கு ஓடிவிட்டது. அதிகாரி தாளிலிருந்து நிமிர்ந்தார்.

யசுஜி தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தார். "மன்னிச்சுக்குங்க. இத்தனை வருஷம் தப்பாச் சொல்லிட்டேன். இது தெற்கேயிருந்து வந்த கல். சேறு இல்ல பாருங்க, அதான் சாட்சி."

"மன்னிப்பு தாளில் இல்லையே" என்று அதிகாரி முணுமுணுத்தார்.

ஓர் அம்மாள் கேட்டாள்: "இதுவும் நாளைக்கு மாறிடுமா?"

"மாறினா வாங்கம்மா, புதுசாச் சொல்றேன். சீட்டு மட்டும் மறுபடி எடுக்கணும்."

அதிகாரியே சிரித்துவிட்டார். காரில் இருந்த டேப் ரிக்கார்டரை இறக்காமலே திரும்பிப் போனார்.