கழிப்பறை அட்டை

ரேவதிக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், தையல் ஆலையில் வேறு பெயர். சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று பர்மிய மேலாளர் ஊ சோ மின்தான் அவளை மா தீடா ஆக்கினார். பதினோரு வருடம் கழித்து அவள் மேற்பார்வையாளர் பதவி கேட்டபோது, இந்திய முகத்துக்கு அது கிடையாது என்று வேலையை விட்டே நீக்கினார்.

ரேவதி தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். ரேவதி என்று எவருமே எங்களிடம் வேலை பார்த்ததில்லை என்று ஆலை பதில் எழுதியது. வேலை பார்த்ததை நிரூபிக்காவிட்டால் மனு தள்ளுபடி. அநியாயத்தைப் பற்றிய பேச்சே அதற்கப்புறம்தான்!

விசாரணையில் ஊ சோ மின் அடித்துச் சொன்னார். "இந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்லை."

ரேவதி எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். ஆலையில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் மேலாளர் மேசையிலிருந்து மர அட்டை ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

"ஏய் மா தீடா! அட்டை மாட்டாம எங்க போறே?" என்று பழக்கதோஷத்தில் கத்தினார் ஊ சோ மின்.

விசாரித்த அலுவலர் அம்மாள் பேனாவைத் திறந்தார். "பார்த்ததே இல்லைன்னீங்களே?"

ரேவதி அலுவலர் அம்மாள் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க, சயாமா. அப்படியே அந்த அட்டையையும் சாட்சியாக் கொண்டுவரச் சொல்லுங்க."