நைனாவின் தாடையில் இரண்டு திருகாணிகள்

என் அப்பா, எங்களுக்கு நைனா, சுவர் பூசுகிற இடத்தில் பேச்சைக் கேட்பதற்காகவே ஆட்கள் நிற்பார்கள். "உங்க ஊட்டு செவுரு மூஞ்சி கழுவாமலே பவுடர் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே பூச்சுக் கரண்டியால் கலவையை வீசுவார். நான் புத்தகத்தில் படித்ததைவிட இப்படிப்பட்ட வாய்களிடம் படித்ததுதான் அதிகம்.

கீழ்ப்பற்கள் மொத்தமும் போனதும் அந்த வாய் அடங்கிவிட்டது. பல்செட் பேசினால் எழும்பியது, மென்றால் வழுக்கியது. கஞ்சியிலேயே காலம் தள்ளி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்தார். "எலும்பு ரொம்பத் தேஞ்சிருக்கு. முன்னாடி ரெண்டு எடத்துலதான் இம்ப்ளான்ட் போட முடியும். அது புடிச்சிக்கிட்டா மேல பல்செட்டை மாட்டிக்கலாம். புடிக்கலன்னா மறுபடி போட எலும்பு இருக்காது."

தாடையில் திருகி இறக்கும் திருகாணியைக் குப்பியில் காட்டினார். சாம்பல் பூத்தாற்போல மங்கலாக இருந்தது. நைனாவுக்கு ஏமாற்றம்.

"இன்னாம்மா, பாலிஷே இல்லியே?"

"வேணும்னுதான் ஐயா. மணல் அடிச்சி, ஆசிட்ல போட்டு சொரசொரன்னு ஆக்குறாங்க. அதுலதான் எலும்பு வளர்ந்து புடிக்கும்."

நைனா தொடையில் தட்டினார். "கொத்திவுட்டுப் பூசறது! அதச் சொல்லு!"

காங்கிரீட் தூணைப் பூசுமுன் உளியால் கொத்திவிடுவார்கள். வழவழப்பில் பூச்சு நிற்காது. தன் தொழிலே தாடைக்குள் போகிறது என்ற பூரிப்பு அவருக்கு. ஈறுக்கு மேலே தெரியும் மூடி மட்டும் வழவழப்பாகத்தான் இருக்கும், அங்கே சொரசொரப்பு இருந்தால் கிருமி ஒட்டும் என்று டாக்டரம்மா தொடர்ந்து சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

திருகாணிகள் உள்ளே போயின. எலும்பு பிடிக்கும்வரை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சாதத்தைக் குழைத்துக் குழைத்துக் கொடுத்தேன். பேச்சு திரும்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் குழாயடியில் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தார். ஈறு வீங்கியிருந்தது. கையில் சின்னதாக மடித்த உப்புத்தாள்.

"இன்னா நைனா பண்றே?"

"மேல மூடிய வழவழன்னு வுட்டுட்டாங்கம்மா. ஈறு எதப் புடிக்கும்? கொஞ்ச நாளா லேசாத் தேச்சிவுடறேன். நைஸ் தாளுதான்."

"யாரு உன்னக் கேட்டா?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத. புடிக்கலன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. எனக்கு இன்னொரு தாடையா இருக்குது?"

உப்புத்தாளைப் பிடுங்கி எறிந்தேன். அப்படியே பஸ் ஏற்றினேன்.

டாக்டரம்மா மூடிகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கீறல் கீறலாக, கீறலுக்குள் அழுக்கு. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கருவியின் பின்பக்கத்தால் திருகாணிகளைத் தட்டிப் பார்த்தார். வலதுபக்கம் நின்றது. இடதுபக்கம் ஆடியது.

"மூடியை மாத்திடலாம். ஆனா தேய்க்கறப்ப உள்ள இருக்கறதும் அசைஞ்சிருக்கு. அப்படி அசைஞ்சா எலும்பு வளராது, சும்மா சதைதான் வளரும்."

இடது திருகாணி விரலால் திருகியே வந்துவிட்டது.

"இன்னொண்ணு நிக்குமாம்மா?" என்றேன்.

"இப்ப அசையல. அதுதான் சொல்ல முடியும். அது நின்னா ஒண்ணுலயே மாட்டிப் பாக்கலாம். அதுவும் போச்சுன்னா என்கிட்ட வழி இல்ல."

நைனா கையை நீட்டித் திருகாணியைக் கேட்டு வாங்கினார். கட்டைவிரலால் உருட்டினார். ஒரு துணுக்கு எலும்புகூட அதில் இல்லை.

"சொரசொரப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஈரம் காயறதுக்குள்ள நான்தான் செவுத்துல கைய வெச்சிட்டேன்."

அதுதான் அன்று அவர் பேசிய கடைசிப் பேச்சு. திரும்பும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர், "இன்னா மேஸ்திரி, வாயில கொழுக்கட்டையா?" என்று சீண்டினார். வேறு நாளாக இருந்தால் பஸ்ஸே சிரிக்கிற மாதிரி ஒரு பதில் வந்திருக்கும். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசினால் மிச்சமிருப்பது ஆடிவிடுமோ என்ற பயம்.

ஊர்ச்சாலை குண்டும் குழியுமாக இருந்தது. பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் உள்ளங்கையால் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார். அடுத்த பள்ளம் வருவதற்குள் நானும் என் கையை அவர் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.