டாக்டரம்மா காரின் கூரைத் துணி

நயா பைசா வந்த புதிதில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு லேடி டாக்டர் ஆஸ்பத்திரி திறந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம், காடு என்று வசதியாக இருந்த குடும்பத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைத் தானே ஓட்டுவார். அன்றைய சேலத்தில் புடவை கட்டிய பெண் ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு போனால், சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளே அலங்கோலம். மலை மழையில் நின்று நின்று கதவுகளின் உட்பக்க அட்டை ஊறி உப்பியிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே ஓடும் மரச்சட்டம் பிளந்து, கை வைத்தால் சிலாம்பு ஏறியது. கூரையின் உட்துணி கிழிந்து, பின் இருக்கையில் உட்கார்ந்தவர் தலையைத் தொட்டது.

என் கணவர் மரவேலைக்காரர். மாதா கோயிலுக்குப் பெஞ்சு, வீடுகளுக்கு பீரோ, கட்டில் எல்லாம் செய்வார். டாக்டரம்மாவுக்கு மேஜை செய்துகொடுத்த பழக்கத்தில், காரின் உள்வேலையையும் ஏற்றுக்கொண்டார். அங்கேதான் என் நிம்மதி கெட்டது.

வேலை நாளில் சவரம் செய்துகொள்ளாத மனிதர், அந்தக் கார் வேலைக்குப் போகும் நாளில் மட்டும் கண்ணாடி முன்னால் நின்றார். என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ராச்சாப்பாட்டில் அந்தப் பேச்சுதான். சட்டத்தில் இருப்பது வால்நட் மரமாம், நம் ஊரில் கிடைக்காதாம், அதே ரேகை வரும்படி தேக்கில் சாயம் ஏற்றப் போகிறாராம். டாக்டரம்மா பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு கொடுத்தாராம், நெய் மணம் கையை விட்டுப் போகவில்லையாம். நானும் ஒப்புட்டு செய்கிறவள்தான். என் கையில் தின்று அவர் மணம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் சமையலறை அலமாரிக் கதவு கீல் விட்டுப் போய், அதைத் தூக்கிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். தச்சன் வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நான் பொறுத்திருந்தேன். ஆனால் அவர் அந்தக் கார்ச் சட்டத்தை வீட்டுக்கே எடுத்துவந்து, முற்றத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குப் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டுத் தொட்டுப் பூசி, வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல அதைத் தடவினார்.

காய்மகாரம், அதாவது பொறாமை, பெரிய பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். யார் மேல் என்று சாமியார் கேட்டார். டாக்டரம்மா மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கார் மேல் சுவாமி என்றேன். அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்ளச் சொன்னார். சொன்னேன். எரிச்சல் அடங்கவில்லை.

மரவேலை அருமையாக வந்தது. கூரைத் துணிதான் காலை வாரியது. அவர் துணியை வெட்டி, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சித் தடவி, நேராகத் தகரத்தில் ஒட்டியிருக்கிறார். சேலத்து வெயிலில் வஜ்ஜிரம் இளகி, டாக்டரம்மா கடைவீதியில் ஓட்டிக்கொண்டு போகும்போதே துணி மொத்தமும் அவர் தலையில் விழுந்து மூடிவிட்டது. நல்ல வேளை, மெதுவாகப் போனதால் வண்டியை நிறுத்திவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைக் குனிந்து அரிசி களைந்து மறைத்தேன்.

என் கணவர் தூணில் சாய்ந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நீ வந்து ஒரு தடவை பாக்கறியா?"

கோயிலுக்குப் பூசை உடுப்பும், ஊராருக்கு ரவிக்கையும் தைக்கிறவள் நான். தையல் மிஷின் என் சீதனம். இதை ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். துணியைப் பார்க்கப் போகவில்லை; அந்த அம்மாவைப் பார்க்கத்தான் போனேன்.

அழகாகத்தான் இருந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். சாதாரண நூல் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற மாதிரி கடிகாரம். என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் யார், என்ன செய்வேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தைக்கத் தெரிஞ்சவங்க ஊட்லயே இருக்கறாங்கன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

அவர் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் அந்த வீட்டில் ஒப்புட்டு தின்றவர், எனக்கு ஒரு மிஷின் உண்டு என்பதைக்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

பழைய துணி கார் டிக்கியில் சுருட்டிக் கிடந்தது. விரித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கூரைக்கடியில் குறுக்கே வளைந்த கம்பிகள் ஓடுகின்றன. பாவாடையில் நாடா கோக்க மடித்துத் தைப்போமே, அதே மாதிரி துணியின் முதுகில் நீள நீளமாகப் பட்டி தைத்து, அதில் கம்பியை நுழைத்து மாட்ட வேண்டும். ஓரத்தை மட்டும் இழுத்துச் சின்ன ஆணி அடித்தால் போதும். ஒட்டுகிற வேலையே கிடையாது. நான் பழைய துணியைத் தையல் பிரித்து அளவெடுத்தேன். அம்மாபேட்டையில் தடித்த கோராத் துணி வாங்கிவந்து, நனைத்துச் சுருங்கவிட்டுக் காயப்போட்டு, வீட்டில் தைத்தேன்.

மாட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். என் கணவர் காருக்கு வெளியே சுத்தியலும் ஆணியுமாக நின்றார். நானும் டாக்டரம்மாவும் உள்ளே. இரண்டு பேரும் முழங்காலிட்டு, துணி நழுவாமல் தலையால் முட்டுக்கொடுத்து, கையால் ஓரத்தை இழுத்துப் பிடித்தோம். வாயில் குண்டூசி இருந்ததால் பேச முடியவில்லை. என் கொண்டை அவிழ்ந்ததில் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்தது. இனி முடியாது என்று ஆனபோது ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தோம். என்ன, என்ன என்று வெளியிலிருந்து கேட்டார் அவர். நாங்கள் சிரித்துக்கொண்டே ஊசிகளைப் பொறுக்கினோம்.

அதன்பின் ஆஸ்பத்திரித் திரைகளைத் தைக்கப் போனேன். தலையணை உறைகளுக்காகப் போனேன். அப்புறம் காரணம் இல்லாமலும் போனேன். தான் கார் ஓட்டுவது அண்ணன்மாருக்குப் பிடிக்கவில்லை, அதனால் தன்னோடு காரில் வந்தாலும் ஊர் எல்லையில் இறங்கி அவர்கள் நடந்தே வருவார்கள் என்று டாக்டரம்மா சொல்லுவார். நான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மோர்க் குவளை காலியாகியும் பேச்சு முடியாது.

என் கணவருக்கு அங்கே வேலை முடிந்திருந்தது. சட்டத்துக்கு இன்னொரு பூச்சு பாலிஷ் வேண்டியிருக்கும் என்று ஒருநாள் போய்க் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். அன்று முதல் வீட்டில் புதுக் கேள்விகள் முளைத்தன. அத்தனை நேரம் அங்கே என்ன பேச்சு, தன்னைப் பற்றியா, யார் முதலில் சிரித்தது. நான் ஒன்றுமில்லை என்பேன். இந்த ஒன்றுமில்லையை நான் எத்தனை நாள் அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்!

தை மாதத்தில் டாக்டரம்மா தன் ஊருக்கு என்னை அழைத்தார். தானும் வருவதாக என் கணவர் கிளம்பினார். நான் முன்னால் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பின் இருக்கையில் தனியாக. சங்ககிரி தாண்டிச் சோளக்காடுகளுக்கு நடுவே போகும்போது, கூரைத் துணியை அண்ணாந்து பார்த்து, ஒரு மூலையில் சுருக்கம் விழுந்திருக்கிறது என்றார். காரில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

தோட்டத்து வீட்டில் டாக்டரம்மாவின் தாயார் வாசலுக்கு வந்தார். "வாங்க சாமி," என்று எங்களைக் கும்பிட்டுவிட்டு மகளிடம் கேட்டார்: "ஏம்மிணி, இவங்க ஆரு?"

"இவங்க என்ற சிநேகிதிங்கம்மா," என்றார் டாக்டரம்மா என் தோளைத் தொட்டு. "அவரு இவங்க ஊட்டுக்காரரு."

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான்தான் மாதக்கணக்கில் சுமந்திருந்தேன். அன்று எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அவருக்கு யார் மேல் அந்தக் கோபம், டாக்டரம்மா மேலா, என் மேலா என்று ஒருநாள் கேட்டேன். உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

சில வருஷம் கழித்து டாக்டரம்மா கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சாமான் ஏற்றும் அன்று நான் அழுதேன். என் கணவர், யாரும் கேட்காமலே செய்துவைத்திருந்த ஒரு சின்னப் புத்தக அலமாரியைத் தலையில் சுமந்துவந்து லாரியில் ஏற்றினார். பாலிஷ் அப்படி மின்னியது. டாக்டரம்மா அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, எத்தனை அழகு என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கையை இறக்கிவிட்டு என் கணவரைப் பார்த்தேன். அலமாரியை அவர் எப்போது செய்தார், எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.