இரண்டாம் டிஸ்க்

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறமிருந்து தினமும் சாயங்காலம் ஒரு சத்தம் வரும். டொம். ஒரே அடி. டிவியில் சினிமா ஆப் திறக்கிற சத்தம். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அடுக்ககத்தில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று முன்னே பின்னே அதே அடி விழும். மேளக்காரர் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போய்விட்ட கல்யாணம் மாதிரி. அதற்குமேல் அங்கே எதுவும் நடப்பதில்லை. போஸ்டர்களைத் தள்ளுவார்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று அது பல்லைக் காட்டும். குழம்பு ஆறும், சோறு விறைக்கும், இன்னும் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் படத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டிவிட்டு ஒரு படமும் பார்க்காமல் படுக்கப்போகிற ஒரு ஜனத்தை இதற்கு முன் எந்த ஊரும் கண்டிருக்காது.

அந்த டொம் கேட்டால் எனக்குக் காது சுடும். காரணம், பம்மலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஏளனம் செய்ய எனக்குத் தகுதி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் அந்த மதத்தைச் சம்பளமில்லாமல் பரப்பியவன் நான்தான். கண்டவரிடமெல்லாம் சொன்னேன்: "எல்லாம் மேலே இருக்கு சார், எதுக்கு வீட்ல குப்பை?" மேலே என்றால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய கிடங்கு. சாவி அவரிடம். நாம் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறவர்கள்.

பம்மலில் என் நண்பன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஐம்பதைத் தொட்ட பிறகும் மச்சான், மச்சான்தான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அவன் அங்கே ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தபோது சினிமாக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்கள். போலீஸ் துரத்துகிற ஹீரோ, காயப்போட்ட தோல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இன்ஸ்பெக்டர் வந்து தொழிலாளியிடம் விசாரிக்கிறார். அந்தத் தொழிலாளிக்கென்று கூட்டி வந்த நடிகர் நாற்றம் தாங்காமல் வாந்தியெடுத்துவிட்டார். டைரக்டர் சுற்றிப் பார்த்து, உப்புக் கையோடு நின்ற என் நண்பனைக் கூப்பிட்டார். அவன் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "இந்தப் பக்கம் யாரும் வரலைங்க. வந்தாலும் நாத்தம் தாங்காம அவங்களே போயிடுவாங்க." இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். அவ்வளவுதான், முக்கால் நிமிடம். ஆனால் தியேட்டர் சிரித்தது. நான் அங்கே இருந்தேன், கேட்டேன். பிறகு வடபழனிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் அந்த வசனத்துக்கு அவனே டப்பிங்கும் பேசிவிட்டு வந்தான்.

படம் ஓடவில்லை. விசிடியாக வந்தது, ஒரு பெட்டியில் மூன்று டிஸ்க். அவன் வருகிற காட்சி இரண்டாவது டிஸ்க்கில், போட்ட நாலாவது நிமிடத்தில். அதனால் அந்த வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் டீக்கு முன்னால் இரண்டாவது டிஸ்க் உள்ளே போகும். முதல் டிஸ்க்கை யாரும் தொட்டதில்லை. அவன் மகள் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள். ஹீரோ எதற்காக ஓடுகிறான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. "கொலை கிலை பண்ணியிருப்பான் மாமா" என்பாள்.

பிறகு பிளேயர் செத்தது. ரிப்பேருக்குக் கொடுத்த கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடத் தரவில்லை, ஸ்குரூவுக்காகப் பிரித்துப் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் என் வேதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னா மச்சான், இன்னும் தட்டக் கட்டிக்கினு அழுவுற? எல்லாம் ஆப்ல இருக்கு." செல்போனில் தேடி அவன் படத்தின் போஸ்டரைக் காட்டினேன். "எப்ப வேணும்னாலும், எங்க வேணும்னாலும்."

அவன் போஸ்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போனை வாங்கி அவன் மனைவியிடம் காட்டினான். காட்சி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. படம் இருந்தால் படத்துக்குள் இருப்பதெல்லாம் இருக்கும்தானே. சோற்றுப் பானை இருக்கிறது என்றால் சோறும் இருக்கும் என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். அவன் அந்த டிஸ்க்குகளையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு என்னிடமே கொடுத்தான். ஏனென்றால் நான் கேட்டிருந்தேன். எங்கள் பால்கனியில் புறாத் தொல்லை. இந்தப் பக்கத்து அடுக்ககங்களில் அதற்கு ஒரே வைத்தியம் டிஸ்க்தான். கயிற்றில் தொங்கவிட்டால் வெயில் பட்டு மின்னும், புறா மிரளும் என்று நம்பிக்கை. வண்டலூர் வரைக்கும் போகிற வழியெல்லாம் பாருங்கள், பால்கனிக்குப் பால்கனி ஒரு தலைமுறையின் சினிமா வாலைப் பிடித்துத் தொங்கவிட்ட மீன் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். நான் இன்னும் கெட்டிக்காரன். நடு ஓட்டையில் கட்டினால் சரியாகச் சுழலவில்லை என்று, ஆணியை அடுப்பில் காய்ச்சி ஓரத்தில் தனி ஓட்டை போட்டேன். புறா ஒன்றும் மிரளவில்லை. அந்தக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டது.

போன வருடம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவரின் மகன். நல்ல குடும்பம். ஆனால் பேச்சுவார்த்தையின்போது என் நண்பன் தான் சினிமாவில் நடித்ததைச் சொல்ல, மாப்பிள்ளையின் அத்தா சிரித்துவிட்டார். "எங்க தெருவுலயும் நாலு பேர் இப்படித்தாங்க, எல்லாரும் ஹீரோவுக்குப் பின்னாடி நின்னவங்க" என்றார். விளையாட்டாகத்தான். ஆனால் என் நண்பனுக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது. நகை, மண்டபம், சாப்பாடு, எதிலும் அவன் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. அந்த மனிதர் தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது, அது ஒன்றுதான்.

அவர்கள் விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டான். "நீ வந்து போட்டுக் குடு மச்சான். எனக்கு இந்த ரிமோட்டு பேஜாரு."

பிரியாணி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் பெரிய டிவியில் என் கணக்கைத் திறந்தேன். டொம். பாஸ்வேர்டு கேட்டது. ஓடிபி கேட்டது. 'பார்ப்பது யார்?' என்று கேட்டது. ஒரு சோப்பு விளம்பரம், ஒரு சூதாட்ட விளம்பரம். "படம் எப்பங்க வரும்?" என்றார் சம்பந்தி, ஏப்பம் விட்டுக்கொண்டே. படம் வந்தது. டிஸ்க் கணக்கில்லாத முழுப் படத்தில் இடம் தெரியாததால் துரத்தல் வரைக்கும் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனேன். பம்மல் சந்து தெரிந்தது. தோல்கள் தெரிந்தன. என் நண்பன் சோபாவின் நுனிக்கு வந்தான். ஹீரோ தோல்களுக்குள் புகுந்தான்.

அடுத்த ஷாட்டில் ஹீரோ ரயில் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பின்னால் தள்ளிப் போட்டேன். தோல். டீ. இன்னொரு தடவை. தோல். டீ. யாரோ எங்கோ ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து, படம் நீளம் என்று வெட்டியிருக்கிறான். சேனலுக்காக வெட்டிய பிரதியோ என்னவோ. பாட்டில் ஒரு வரி போகவில்லை, ஹீரோயின் மழையில் நனைவதில் ஒரு சொட்டுக் குறையவில்லை. பார்ப்பவருக்குத் தேவையில்லை என்று தோன்றியது என் நண்பனின் முகம் மட்டும்தான்.

"இருக்குங்க. அத்தா அந்த எடத்துல வருவாங்க, நான் எத்தினியோ தடவ பார்த்துகீறேன்" என்றாள் மகள், கதவோரத்திலிருந்து.

"அட இருக்கட்டும்மா, நான் இல்லன்னா சொன்னேன்" என்றார் மாப்பிள்ளையின் அத்தா. பிறகு என் நண்பனைப் பார்த்து, "அந்த வசனத்தத்தான் இப்ப சொல்லிக் காட்டுங்களேன் சம்பந்தி."

"அது சொல்லிக் காட்டறதுக்கு இல்லீங்க" என்றான் அவன். "படத்துல கீது."

அவர் சிரிக்கவில்லை. பெருந்தன்மையாகத் தலையாட்டினார். சிரித்திருக்கலாம்.

நான் பைக்கை எடுத்தேன். குரோம்பேட்டை நெரிசல், தாம்பரம், சேலையூர், வீடு. பால்கனிக் கயிற்றை அறுத்து, புறா எச்சத்தை வேட்டியில் துடைத்து, இரண்டாவது டிஸ்க்கைத் தேடி எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பினேன். போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் இல்லை. கிளம்பிவிட்டிருந்தார்கள். இருந்திருந்தாலும் பயனில்லை; அந்தத் தெருவில் பதினோரு லேப்டாப் இருந்தன, ஒன்றுக்கும் டிஸ்க் போட வாய் இல்லை.

கடைசியில் நானும் அவனும் அலைந்து, பஸ் ஸ்டாப் அருகே ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் அகப்பட்டது. கடைக்கார அக்கா டிஸ்க்கை வாங்கிப் பார்த்தார். "இன்னா பாய் இது, ஓட்ட போட்டு வெச்சிகிறீங்க?" "போட்டுப் பாருங்கக்கா" என்றான் என் நண்பன். என்னைப் பார்க்கவில்லை.

கர்ர் என்றது. நின்றது. மறுபடி கர்ர். படம் வந்தது, வந்த வேகத்தில் சதுரம் சதுரமாக உடைந்தது. பழைய டிஸ்க்கின் பெருமை பேசுகிறவர்களும் இதைப் பார்க்க வேண்டும். இப்போது அது திரும்ப வருகிறதாம், பெட்டி பெட்டியாக வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். வெயிலுக்கும் எனக்கும் அது தப்பவில்லை. பாதி முகம் தெரிந்தது, மெலிந்த, மீசை முளைத்த முகம். மீதிப் பாதி பச்சைக் கட்டங்கள். குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"இந்தப் பக்கம் யாரும்... இந்தப் பக்கம் யாரும்... இந்தப் பக்கம் யாரும்..."

அதற்கு மேல் போகவில்லை. ஐந்தாறு தடவை அதையே சொல்லிவிட்டு நின்றது. என் நண்பன் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி அந்தப் பாதி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா, இவங்களுக்கு ஆதார் பிரிண்ட் எடுக்கணும்" என்றார் அக்கா.

டிஸ்க்கை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அது உள்ளே போகவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைக்கு வெளியே வந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த வாய்க்கு அன்றைக்கும் புத்தி வரவில்லை.

"நிக்காவுக்கு வீடியோக்காரர்கிட்ட பேசிட்டேன் மச்சான். சேலையூர்க்காரர், நல்லா பண்ணுவாரு. முடிஞ்சதும் லிங்க் அனுப்பிடுவாராம், யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம்."

அவன் பைக் சீட்டில் கை வைத்தபடி நின்றான்.

"லிங்க்கு வாணாம்" என்றான். "பென் டிரைவோ தட்டோ, இன்னா கருமமோ, கையில குடுக்கச் சொல்லு."

"சரி, நானே வாங்கிட்டு வந்து..."

"நீ வாங்காத. நான் போய் வாங்கிக்கிறேன்."