இடுப்பு உயர வெட்டு

பேய்க்கதை சொல்கிறவர்களை முதலில் கிண்டல் செய்கிற ஆள் நான்தான். மலேசியாவில், கிள்ளானில் ஏர்கான் பழுது பார்க்கிறவன், எங்கே சத்தம் கேட்டாலும் எந்த ஸ்குரூ கழன்றது என்று தேடுகிற புத்தி எனக்கு. நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன வருடம், காட்டில் பிழைத்துக்கொள்ளக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்புக்கு மனைவி கோகிலாவோடு உலு லங்காட் பக்கம் போனேன். சொல்லித்தந்தவர் முன்னாள் ராணுவக்காரர் தேவா அண்ணன். போகிற வழியெல்லாம் சின்னக் கிளைகளைப் பாராங் கத்தியால் சாய்வாக வெட்டிக்கொண்டே போகவேண்டும், திரும்பி வர அதுதான் அடையாளம் என்றார். "இடுப்பு உயரத்துல வெட்டுங்க பாஸ். கைக்கும் சுலபம், கண்ணுலயும் படும்."

மதியம் ஜோடி ஜோடியாக அனுப்பினார். காம்பஸ் இருக்கும்போது வெட்டு எதற்கு என்று, பெரிய இவன் மாதிரி பாராங்கை முகாமிலேயே போட்டுவிட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் வழி தப்பியது, மழையும் பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கே மரத்தடி இருட்டிவிட்டது. கோகிலா உதடு நீலம் பாய்ந்து, பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கினாள். குளிர் உடம்புக்குள் ஏறினால் ஆள் தாங்காது என்று காலையில்தான் படித்திருந்தோம்.

தீ மூட்டலாம் என்றால் சுள்ளியெல்லாம் சொதசொதவென்று கிடக்கிறது.

"ஏங்க, பேக்ல சூடம் இருக்கு" என்றாள். காட்டுக்குள் பூசையா போடப் போகிறாய் என்று காலையில் நான் கிண்டல் செய்த அதே சூடம். பெரிய மரத்தடியில் ஒரு கல்லின்மேல் வைத்து ஏற்றினாள். பழக்கதோஷம், கை தானாகக் கும்பிட்டது. அவள் கை மட்டுமில்லை, என் கையும்தான்.

சுள்ளி பற்றவில்லை. சூடம் அணைகிற நேரத்தில் டொக், டொக் என்று பாராங் வெட்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணே!" என்று கத்தினேன். சத்தம் நிற்காமல் நகர்ந்து போனது. அந்தப் பக்கம் போனால் கிளைகள் சாய்வாக வெட்டியிருக்கின்றன, பால் இன்னும் சொட்டுகிறது. கோகிலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெட்டு வெட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நம்பினால் நம்புங்கள், கால் மணி நேரத்தில் முகாம்.

சூடாக மைலோ குடித்து அவள் முகத்தில் ரத்தம் திரும்பியபோது நான் அழுதேவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வழி வெட்டிக் காட்டியதற்கு தேவா அண்ணனிடம் நன்றி சொன்னேன்.

"நான் எங்க வந்தேன்? நாங்க எல்லாரும் ஆத்துப் பக்கம் தேடிட்டு இப்பதான் வரோம் லா" என்றார்.

காட்டில் வேலையாக வந்த யாரோ என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் வீட்டில் கோகிலா என் கழுத்துக்குத் தைலம் தேய்த்தாள். "அப்படி எதைங்க தூக்குனீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. நான் எதையும் தூக்கவில்லை. வழி நெடுக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். நான் ஆறடி, ஒரு வெட்டுகூட என் தலைக்குக் கீழே இல்லை.

அந்த வாரமே அவள் முனியாண்டி கோயிலில் சுருட்டு வைத்தாள். காரை ஓட்டிப் போனதே நான்தான். அவள் உயிரோடு இருக்கிறாள், எனக்கு அது போதும். ஆனால் இன்றைக்கும் வீட்டில் அவள் சூடம் ஏற்றினால் என் கண் தட்டைப் பார்ப்பதில்லை, கழுத்து தானாக அண்ணாந்துகொள்கிறது.