கொடிக்காலில் மிதியடி

அந்தக் காலத்துக் குப்பையைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் கோலசிலாங்கூர் டவுனில் சேர்ந்த குப்பை வேறு ரகம். வாழைத்தண்டு, முட்டைக்கோசு இலை, காப்பிக்கடைச் சக்கை, ஜெராம் கடற்கரையிலிருந்து வந்த மீனின் செதிலும் குடலும், அடுப்புச் சாம்பல். மக்காமல் தொல்லை கொடுத்தது கண்ணாடிதான். முழு பாட்டிலை ஒரு சீனர் வாங்கிக்கொண்டு போவார். உடைந்தது எங்களுக்கு வரும்.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவர் டவுன் குப்பை வண்டிக்காரர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எங்களை அந்த வேலைதான் டவுனுக்கு இழுத்து வந்தது. குப்பைமேட்டை ஒட்டி ஒரு துண்டு சதுப்பு நிலம் சும்மா கிடந்தது. டவுன் ஆபீசில் கேட்டோம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த நாற்றத்தில் வேறு எவனும் குடியிருக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் காவேரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் போட்ட குடும்பம். சதுப்பில் கால்வாய் வெட்டி, மண்ணை மேடாக்கி, அகத்தி நட்டு, கொடி ஏற்றினார். உரத்துக்கு எங்கும் அலையவில்லை. குழி தோண்டிக் குப்பையைக் கொட்டி, சாணம் கரைத்து ஊற்றி, ஆறு மாதம் மூடி வைப்போம். திறக்கும்போது மழை பெய்த தரை மாதிரி வாசனை வரும். நான் உட்கார்ந்து சலிப்பேன். கண்ணாடி, தகரம், ஆணி எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. அந்தக் கருப்பு மண்ணைப் போட்டால் இலை விரித்த கை அகலத்துக்கு வரும்.

சுற்றுவட்டத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் எங்கள் வெற்றிலைதான். குப்பை வண்டியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாள்கூடத் தாம்பூலத் தட்டுக்கு எங்களிடம்தான் ஆள் அனுப்புவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கொடிக்கால் மகாலட்சுமி குடியிருக்கும் இடம், செருப்புக் கால் பட்டால் கொடி கருகிவிடும் என்பார். வண்டியை அவிழ்த்ததும் வாய்க்காலில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடுதான் உள்ளே போவார். வண்டியில் வந்தால் குப்பை, பாத்தியில் விழுந்தால் லட்சுமியா என்று நான் கேலி செய்வேன். ஆறு மாதம் மண்ணுக்குள் இருந்தால் எல்லாம் மண்தான், மண்ணுக்கு ஏது தீட்டு என்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் ஆசையாக இருக்கிறது.

பக்கத்தில் கீரை போட்ட சீனப் பெண் எங்கள் வெறுங்காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் தன் கட்டை மிதியடியில் ஒரு சோடியைக் கொண்டுவந்து, போட்டுக்கொள் என்று அரைகுறை மலாயில் சொன்னாள். அவரிடம் காட்டினேன். வீட்டு வாசலோடு வைத்துக்கொள் என்றார். நானும் சரி என்றேன். அவர் சொன்னதற்காக மட்டுமில்லை, எனக்கும் பயம்தான்.

ஒரு மழைக்காலத்தில் கொடிக்காலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். வலது பாதத்தில் பாட்டில் சில்லு. நான் சலித்த மண்ணில் எனக்குத் தப்பிய சில்லு. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பிக்கொண்டு, ஒன்றுமில்லை போ என்றார். மூன்றாம் நாள் கால் வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். குப்பை வண்டியைக் கழுவி வைக்கோல் பரப்பி, அவரைப் படுக்கவைத்து, நானே மாட்டைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். ஒற்றைக் காலோடு வண்டி ஓட்ட முடியாது, கொடி கட்ட முடியாது. வேலையும் நிலமும் வேறு ஆளுக்குப் போய்விடும். திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு இருபது கவுளி இலை கிள்ளியாக வேண்டும். கொடிக்கால் வாசலில் நின்றேன். உள்ளே இன்னும் எத்தனை சில்லோ, கால் நகரவில்லை. லட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மிதியடியை மாட்டி இறங்கினேன். அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் கொடியைத்தான் போய்ப் பார்ப்பேன். ஐந்து நாள் ஆனது, பத்து நாள் ஆனது. கொழுந்து அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கொடி என்னைச் சட்டையே செய்யவில்லை.

கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆறின பிறகு வண்டி ஓட்டலாம் என்று டிரெஸ்ஸர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதம் கழித்து, கட்டுப்போட்ட காலோடு கம்பு ஊன்றி வந்தவர், வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே கொடிக்காலுக்குப் போனார். ஈர மண்ணில் வரிசை வரிசையாக மிதியடித் தடம். அவர் வருவதற்குள் அழித்துவிடலாம் என்று நினைத்தேன், மனசு வரவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள்லேர்ந்து."

ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தார். கருகல் எங்காவது இருக்கிறதா என்று தேடினார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தேவலை. குனிந்து தன் கால் கட்டைப் பார்த்தார்.

"அப்ப என் வெரலு சும்மாதான் போச்சா, புள்ள?"

என் காலிலிருந்த மிதியடியைக் கழற்றி, ஒன்றை அவருடைய இடது காலுக்கு முன்னால் வைத்தேன். கம்பை அகத்தியில் சாய்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை நுழைத்தார். அது அவருக்குச் சின்னது, குதிகால் பாதி வெளியே நின்றது. அப்படியே நின்று அழுதார்.